கேள்வி–பதில்: குடில்கள் உண்டு, ஏரி இல்லை

கேள்வி: அமெரிக்காவில் செல்வந்தர்கள் கோடைக்குடில்கள் கட்டித் தங்கிய செயற்கை ஏரி ஒன்று 1889-இல் உடைந்து ஒரு நகரத்தையே அழித்ததாகப் படித்தேன். அந்த ஏரி அவர்களுக்காகவே அமைக்கப்பட்டதா?

பதில்: இல்லை. பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் நகரிலிருந்து சுமார் 14 மைல் தொலைவில், நகரைவிட ஏறத்தாழ 450 அடி உயரத்தில் இருந்த அந்த நீர்த்தேக்கத்தைக் கட்டியது மாநில அரசு. கோடையில் வற்றிய படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் விடுவதே அதன் வேலை. 72 அடி உயரமும் 931 அடி நீளமும் கொண்ட மண் அணையின் பணி 1853-இல் நிறைவடைந்தபோது, அதே வழியில் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. கால்வாய்க்கே வேலை இல்லாமற்போனபின் அதற்கு நீர் தரும் ஏரி யாருக்கு வேண்டும்? 1857-இல் அது பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. கவனிப்பாரற்றுக் கிடந்த கரை 1862-இல் ஒருமுறை உடைந்தது. ஏரியில் அப்போது நீர் குறைவாக இருந்ததால் பெரிய சேதமில்லை.

இனி நடந்ததுதான், என் கணிப்பில், இந்த வரலாற்றின் மையம். 1875-இல் ஜான் ரைலி என்பவர் அந்த இடத்தை 2,500 டாலருக்கு வாங்கி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் 2,000 டாலருக்கு விற்றார். இடையில், அணையின் அடியில் மதகாகப் பயன்பட்ட, ஒவ்வொன்றும் 2 அடி விட்டமுள்ள ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்களைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார். அதன்பின் நிரம்பிய ஏரியின் மட்டத்தை மனிதர் விரும்பிக் குறைக்க வழியே இல்லாமற்போயிற்று. கலிங்கு வழியே தானாக வழிந்தால்தான் உண்டு.

கேள்வி: அப்படியானால் குடில்காரர்கள் எப்போது வந்தார்கள்? அபாயத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லையா?

பதில்: 1879-இல் பெஞ்சமின் ரஃப் அந்த இடத்தை வாங்கி, பிட்ஸ்பர்க் நகரப் பணக்காரர்களுக்காக ‘சவுத் ஃபோர்க் மீன்பிடி, வேட்டைக் கழகம்’ என்பதைத் தொடங்கினார். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக், ஆண்ட்ரூ மெல்லன் ஆகியோர் அதில் உறுப்பினர்கள். கரையோரம் 47 அறைகள் கொண்ட கழகக் கட்டடமும், குடில்கள் என்று அடக்கமாக அழைக்கப்பட்ட 16 வீடுகளும் எழுந்தன. பெயர்தான் குடில், சில மூன்று மாடி மாளிகைகள். உடைந்த கரையை மண்ணும் வைக்கோலும் கொண்டு அடைத்தார்கள். குதிரை வண்டிகள் போய்வர வசதியாக அதன் உச்சியைச் சில அடி வெட்டித் தாழ்த்தினார்கள். ஏரியில் விட்ட மீன்கள் தப்பிவிடக்கூடாதென்று கலிங்கில் இரும்புக் கம்பி வலைகளைப் பொருத்தினார்கள். எடுத்த குழாய்களை மட்டும் திரும்பப் பதிக்கவில்லை.

எச்சரிக்கை வரத்தான் செய்தது. ஜான்ஸ்டவுனில் பெரிய இரும்பாலை நடத்திய டேனியல் மோரல், 1880-இல் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் செய்தார். நீரை வெளியேற்றும் குழாய் இல்லை, பழுதுபார்த்த விதமும் சரியில்லை என்று ஃபுல்டன் எழுதினார். உங்களுக்கு எங்களால் எந்த ஆபத்தும் இல்லை என்பதே ரஃப் அனுப்பிய பதிலின் சாரம்.

1889 மே 30 இரவு முழுவதும் பெருமழை கொட்டியது. மறுநாள் காலை ஏரி ஏறிக்கொண்டே வந்தது. வலைகளில் குப்பையும் கட்டைகளும் அடைத்துக்கொள்ள, கலிங்கு திணறியது. கழகத் தலைவர் எலியாஸ் உங்கர் ஆட்களைத் திரட்டிக் கரையை உயர்த்தவும் புதிய வடிகால் வெட்டவும் முயன்றார். பொறியாளர் ஜான் பார்க் குதிரையில் விரைந்து கீழே இருந்த சவுத் ஃபோர்க் ஊரை எச்சரித்தார். தந்தி வழியே நகரத்துக்கும் செய்தி போயிற்று. ஆனால் ‘அணை உடையப்போகிறது’ என்ற பேச்சைப் பலமுறை கேட்டுப் பழகியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிற்பகல் 3 மணியளவில் கரை உடைப்பெடுத்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் வெள்ளம் ஜான்ஸ்டவுனை அடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். அவர்களில் 700-க்கும் மேற்பட்டோர் இன்னாரென்று அடையாளம் காணப்படாமலே புதைக்கப்பட்டனர்.

கேள்வி: கழகத்தினர் தண்டிக்கப்பட்டார்களா? அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது?

பதில்: கழகத்தின் மீது தொடுத்த வழக்கு எதுவும் வெல்லவில்லை. உறுப்பினர்கள் சிலர் நிவாரணத்துக்குப் பணமும் போர்வைகளும் கொடுத்தார்கள். வெள்ளத்தில் அழிந்த நூலகத்துக்குப் பதிலாக கார்னகி புதியது கட்டித்தந்தார், அக்கட்டடம் இன்று வெள்ள அருங்காட்சியகம். ஏரி மீண்டும் நிரப்பப்படவில்லை. 1964-இல் அந்த இடம் தேசிய நினைவிடமாக்கப்பட்டது. அணையின் இரு முனைகளும் நடுவில் பெரிய இடைவெளியுடன் இன்றும் நிற்கின்றன. சற்றுத் தள்ளி, செயின்ட் மைக்கேல் ஊரில் பழைய குடில்கள் சில, தண்ணீரே இல்லாத பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கின்றன.