தெள்ளுப்பூச்சி பூனையின் மேல் மட்டும் இல்லை
வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் பூனைக்கு நான்கு வயது. பகலெல்லாம் வீட்டுக்குள் உறங்கும்; இரவில் கொல்லை, மதில், பக்கத்து வீட்டு மாடி என்று சுற்றிவிட்டு விடியற்காலையில் திரும்பும். தெள்ளுப்பூச்சிக்காக இரண்டு முறை குளிப்பாட்டியும் பத்தே நாளில் மறுபடி வந்துவிட்டது. வெளியே விடுவதை நிறுத்தினால்தான் தீருமா? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: நிறுத்தினாலும் உடனே தீராது, அம்மா. பூனை வெளியிலிருந்து கொண்டுவந்தவை சில தெள்ளுகளே. இப்போது தொல்லை தருபவற்றில் பெரும்பாலானவை உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்தவை. ரத்தம் குடித்த பெண் தெள்ளு ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40, 50 வரைகூட இடும். அந்த முட்டை பேனின் ஈரைப் போல முடியில் ஒட்டிக்கொள்வதில்லை. பூனை உடலை உதறும் இடத்திலும், தாவி இறங்கும் இடத்திலும், சுருண்டு படுக்கும் இடத்திலும் உப்புத்தூள் போலச் சிந்திவிடுகிறது. அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். ஆகவே கட்டிலடி, சோபாவின் மடிப்பு, தேங்காய் நார் மிதியடி, மூலையில் கிடக்கும் கோணிச்சாக்கு ஆகியவற்றுக்குள் புகுந்து, வளர்ந்த தெள்ளுகள் கழித்துப்போட்ட காய்ந்த ரத்தத்தைத் தின்று வளர்ந்து, பிசுபிசுப்பான கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் போய்விட்டால் பூச்சிமருந்து எளிதில் எட்டாது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில்கூட அது காத்திருக்கும். உடல் சூடும் மூச்சுக்காற்றும் காலடி அதிர்வும் பட்டவுடன் வெளியே குதிக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து கூடத்தில் கால் வைத்ததுமே கணுக்காலில் கடிபடுவது இதனால்தான். வீட்டிலுள்ளவை நூறு என்று வைத்துக்கொண்டால், பூனையின் உடலில் இருப்பவை ஏறக்குறைய 5. மற்ற 95-உம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் இருக்கின்றன. நீங்கள் குளிப்பாட்டிக் களைந்தது அந்த ஐந்தைத்தான்.

ஆகையால் பூனைக்கும் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் செய்ய வேண்டும். பூனைக்கென்றே விற்கப்படும் கழுத்துச் சொட்டு மருந்தை, எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் முடியை இரு பக்கமும் விலக்கி, தோல் தெரிந்த பிறகு அதன் மேல் விடுங்கள். சற்றுக் கீழே முதுகில் விட்டால் பூனை வளைந்து நக்கிவிடும். குளிப்பாட்டிய ஓரிரு நாளுக்குள் விட வேண்டாம். விட்ட பிறகும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அவற்றுக்கும் அன்றே விட்டு, காயும்வரை தனித்தனியே வைத்திருங்கள்.

படுக்கைக்குப் பழைய நூல் புடவை ஒன்றை மடித்துப் போடுவது நல்லது. பூனை அதிலேயே படுக்கப் பழகினால் முட்டைகளில் பெரும்பகுதி அதில்தான் விழும். வாரம் ஒரு முறை, எடுக்கும்போதே உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு போய், கொதிநீரில் அலசி மொட்டை மாடி வெயிலில் காயப்போடுங்கள். கட்டிலடியையும் சுவரோரத்தையும் நாள்தோறும் பெருக்கி, குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே போக்குங்கள். மருந்து விட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் தெள்ளு கண்ணில் படும்; அவை கூட்டிலிருந்து புதிதாக வருபவை. மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி அதே வாரம் மறுபடி விட்டுவிடாதீர்கள். மருந்துப் பெட்டியில் சொன்ன இடைவெளியில், குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடர வேண்டும். வெளியே போய்வரும் பூனைக்கு அதற்குப் பிறகும் நிறுத்தாமலிருப்பதே என் பரிந்துரை. நம் ஊரில் தெள்ளை ஒழிக்கும் அளவுக்குக் குளிர்காலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலோ புழு இன்னும் நன்றாகப் பிழைக்கும்.

கேள்வி: எங்கள் நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சம் இருக்கிறது. பூனை சிறியது என்பதால் பாதி அளவு விடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம், ஐயா. ஒரு சொட்டுகூட வேண்டாம். நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் அடர்த்தியாக உள்ளது. நாயின் கல்லீரல் அதை முறித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. பாதி, கால் என்று அளவைக் குறைப்பதால் அது பாதுகாப்பாகிவிடாது. அந்த மருந்து விட்ட நாயை ஒட்டிப் படுத்த பூனைக்கும் ஆபத்து நேர்ந்ததுண்டு.

ஒருநாள் இரவு பதினொரு மணிக்குத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு பூனையை என்னால் மறக்க முடியவில்லை. முதலில் காது நுனியும் மீசையும் மட்டுமே துடித்துக்கொண்டிருந்தன. கால் மணி நேரத்தில் உடல் முழுவதும் வலிப்பு வந்துவிட்டது. நாய் மருந்தில் பாதியைத்தான் விட்டிருந்தார்கள். இரண்டு நாள் போராடிக் காப்பாற்றினோம். தவறுதலாக விட்டுவிட்டால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து அந்த இடத்தைக் கழுவி, துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் விரையுங்கள். நடுக்கம் தொடங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுக்கம் தொடங்கிவிட்டிருந்தால் கழுவுவதில் நேரத்தைப் போக்காமல் கிளம்பிவிடுங்கள்.

கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், அந்துருண்டை ஆகியவற்றையும் கைவைத்தியமாகப் பயன்படுத்தாதீர்கள். உடலில் பட்டது எதுவாயினும் பூனை அதை நக்கி விழுங்கிவிடும். தரை துடைக்கும் ஃபினாயிலும் அப்படியே பாதத்தின் வழியாக வயிற்றுக்குள் போகிறது.

கேள்வி: எங்கள் பூனைக்கு வால் தொடங்கும் இடத்தில் முடி கொட்டி, சிறு பொருக்குகளாக இருக்கிறது. மற்ற இடங்களிலும் பளபளப்பு இல்லை. தெள்ளு எதுவும் கண்ணில் படவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி வாரம் ஒரு முறை குளிப்பாட்டலாமா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: இரண்டும் தேவையில்லை. எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். அளவு மீறி நக்கினால் வயிற்றுப்போக்கு வரும். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த நுண்முட்கள் உண்டு. நலமாக உள்ள குட்டை முடிப் பூனை அந்த நாக்கைக் கொண்டே தன்னைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும்.

நீங்கள் சொல்லும் இடத்தைப் பார்த்தால் தெள்ளின் எச்சிலால் வரும் ஒவ்வாமையோ என்ற ஐயம் எழுகிறது. அப்படிப்பட்ட பூனைக்குச் சில கடிகளே போதும். அரிப்பில் அது ஓயாமல் நக்குவதால் தெள்ளும் வயிற்றுக்குள் போய்விடும். அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. வாலடியில் பேன் சீப்பால் வாரி, வருகிற கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். மண்ணானால் கறுப்பாகவே இருக்கும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை ஊறினால் அது தெள்ளின் கழிவு. படைநோய், தெள்ளு அல்லாத வேறு பூச்சிகளால் வரும் அரிப்பு போன்ற வேறு காரணங்களும் உண்டாகையால் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

பளபளப்பு உணவிலிருந்து வர வேண்டும். பாலும் தயிர்ச்சாதமும் மட்டுமே தின்னும் பூனைக்கு முடி மங்காமல் இருக்காது. அது இறைச்சி தின்னப் பிறந்த உயிர். கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டாரின் என்னும் சத்து சோற்றில் கிடைக்காது. வேகவைத்த மீனையும் கோழியையும் முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுங்கள். அன்றாடத்துக்குப் பூனைக்கான முழுமையான தயாரிப்பு உணவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டை முடிக்கு வாரம் ஒரு முறை சீவினால் போதும். பாரசீகப் பூனைக்கு நாள்தோறும் சீவ வேண்டும். சடை விழுந்துவிட்டால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பூனையின் தோல் மிக மெல்லியது. சடையோடு சேர்ந்து தோலும் மேலெழும்பி வெட்டுப்படும்.

கேள்வி: ஐந்து வாரக் குட்டியின் மேல் நிறையத் தெள்ளு இருக்கிறது. என்ன மருந்து விடலாம்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பல சொட்டு மருந்துகள் எட்டு வாரம் நிறையாத குட்டிக்கு உரியவை அல்ல. பேன் சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புநீரில் முக்கி முக்கி எடுங்கள்; தாய்ப்பூனைக்கு என்ன விடலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். இன்றே குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சீவிக்கொண்டே இருக்கலாம். வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். நாளை வரை வைத்திருக்காமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.