கோடி வந்த பிறகும் ஐஸ் கம்பெனிக்குப் போகிறேன்

ஆலோசகர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 49. மண்டபம் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் 22 வருடமாக ஆபரேட்டர் வேலை. சம்பளம் 18,000. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று என் மனைவி கேட்கிறாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சாயல்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எங்கள் அப்பா விட்டுப்போன ஏழு ஏக்கர் இருந்தது. வெறும் சீமைக்கருவேலங்காடு. கரிமூட்டம் போடுகிறவர்கள் சில வருடத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டு ஏதோ கொடுப்பார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் காணும், அவ்வளவுதான். போன தை மாதம் ஒரு பெரிய கம்பெனி மொத்தமாக வாங்கிக்கொண்டது. செலவெல்லாம் போக 3 கோடியே 40 லட்சம் என் கணக்கில் இருக்கிறது. பத்திரத்தில் வில்லங்கம் ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தமாக முடிந்தது.

அன்றிலிருந்து நிம்மதி போய்விட்டது. மனைவி வேலையை விடு, மதுரைக்குப் போய்விடலாம் என்கிறாள். 'கோடி வைத்திருக்கிறவள் புருசன் அமோனியா நாத்தத்தோடு வருகிறான் என்று நாலு பேர் சிரிக்கிறார்கள்' என்று தினமும் சண்டை. மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஓசூரில் வேலையில் இருந்தான். 'இனிமே எதுக்குப்பா' என்று திரும்பி வந்துவிட்டான். இப்போது பைக் விலை பார்த்துக்கொண்டிருக்கிறான். கம்பெனியில் கூட வேலை செய்கிற பையன்கள் நான் உள்ளே போனால் 'முதலாளி வந்துட்டார், எந்திரிங்கடா' என்கிறார்கள். முன்னெல்லாம் என் டிபன் பாக்ஸில் கைவிட்டு எடுத்துத் தின்றவர்கள். இப்போது டீ வாங்கினால்கூட நான்தான் காசு கொடுக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். காசு பெரிசில்லை, ஆனால் அப்படி நிற்பது பிடிக்கவில்லை.

சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்தப்பா மகன் போட்டுக்கு இன்ஜின் மாற்ற நாலு லட்சம் கேட்டான். மைத்துனர் மகள் கல்யாணத்துக்குப் பத்துப் பவுன் என்று அவர்களாகவே எழுதிவிட்டார்கள். பத்து வருடமாகப் பேசாத மாமா வந்து கட்டிப் பிடிக்கிறார். அக்கா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அது பாட்டுக்குப் பாம்பனில் கடல்பாசி எடுக்கப் போய்க்கொண்டிருக்கிறது. 2009இலேயே அந்த நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. இருந்தாலும் ஒரு லட்சம் மனைவியிடம் கொடுத்து அனுப்பினேன். வாங்கவில்லை. 'வச்சிக்கச் சொல்லு' என்றதாம். அது வாங்காததற்கும் என்னைத்தான் ஊரில் பேசுகிறார்கள். அக்கா பாசிக் காசில்தான் நான் ஐடிஐ படித்தேன் என்கிறார்கள். நான் இல்லை என்றா சொன்னேன்?

நான் கேட்பது ஒன்றுதான். உழைக்கிறவன் உழைத்தால் தப்பா? ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு போகாது, ஐஸுக்குப் பெரிதாகத் தேவை இருக்காது. பாதித் தொட்டிதான் ஓடும். அப்போதும் போனேன். மேனேஜர் 'நீங்க ஏன்ணே வர்றீங்க' என்றார். இரண்டு மாதமாகச் சம்பளக் கவரை நான் வாங்கவில்லை, அவரிடமே கிடக்கிறது. எனக்கு இப்போது எதற்கு? ஆனால் வேலையை மட்டும் விட முடியவில்லை. கேனைத் தூக்கி நல்ல தண்ணியில் முக்கினால் ஐஸ் பார் விட்டுக்கொடுக்கிற ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது.

வீட்டில் இருந்தால் தூக்கம் இல்லை. அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருகிற நாட்களில் ரொம்ப மோசம். விடியற்காலையில் நெஞ்சு படபடவென்று அடித்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மாமியார் காத்துக் கருப்பு என்கிறார், ஏர்வாடியில் கொண்டுபோய் வைக்கலாம் என்கிறார். டாக்டர் இசிஜி எடுத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

வேலைக்குப் போகலாமா, விடலாமா? மனைவிக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்ட வாசகர்

---

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மனைவிக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. கடிதம் உங்களுடையது, பதிலும் உங்களுக்குத்தான்.

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். பணம் வந்த பிறகும் வேலைக்குப் போவது கிறுக்குத்தனம் இல்லை. ஸ்வீடனில் லாட்டரியில் பெரிய பரிசு விழுந்தவர்களை விசாரித்தபோது பெரும்பாலோர் வேலையை விட்டிருக்கவில்லை. அமெரிக்காவில் 1978இல் வெளியான ஒரு ஆய்வில், பரிசு விழுந்த 22 பேரைக் கேட்டார்கள். காலைச் சாப்பாடு, நண்பனோடு பேச்சு, ஒரு நல்ல வேடிக்கை போன்ற அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாம். உங்களுக்கு அந்த ஐஸ் பார் சத்தம் இன்னும் இனிக்கிறது. கொடுத்துவைத்தவர் நீங்கள். ஆக, போகலாம்.

ஆனால் சம்பளக் கவரை ஏன் வாங்கவில்லை?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கவர்தான். வேலை பிடித்துப் போகிறவர் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டார், வாங்கி யாருக்காவது கொடுப்பார். பாதித் தொட்டி ஓடாத காலத்திலும் போய் நின்று, கூலியும் வாங்காமல் வருவதற்கு நம் ஊரில் நேர்த்திக்கடன் என்று பெயர். யாருக்கு நேர்ந்துகொண்டீர்கள் என்று தேடிக்கொண்டே வந்தேன். கடைசியில் அமாவாசை, பௌர்ணமி என்று எழுதியிருந்தீர்கள்.

நானும் இந்தக் கரையில் பிறந்தவள்தான். காத்துக் கருப்பு பற்றி உங்கள் மாமியாரோடு சண்டை போட மாட்டேன். ஆனால் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள் போல இந்தக் கரையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவை பாசி எடுக்கிற நாட்கள். விடியும் முன்பே விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, புடவைக்கு மேலே ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்கள் வள்ளம் ஏறுகிற நாட்கள். இங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக ஆன 1986க்கு முன்பிருந்தே செய்கிற வேலை. மூச்சை அடக்கி உள்ளே போய், பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வர வேண்டும். துணி சுற்றியும் விரல் கிழியும். அதில் ஒருவருக்கு வயது 54 போல இருக்கும் என்று கணக்குப் போடுகிறேன். சரிதானே?

அவர் எழுகிற நேரத்தில் உங்கள் நெஞ்சு அடிக்கிறது. ஐஸ் சத்தம் கேட்டால் மூச்சு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சு என்ற சொல்லை நீங்கள் தெரிந்து போட்டீர்களா, தானாக விழுந்ததா தெரியவில்லை.

கடன் கேட்டவர்களைப் பற்றி ஒரு பத்தி, அதில் கேட்காத அக்காவுக்கு நடுவில் ஓர் இடம். 'வில்லங்கம் இல்லை', 'பிரச்சினை இல்லை' என்று இரண்டு முறை சொல்கிறீர்கள். இல்லாததை யாரும் இவ்வளவு வலியுறுத்துவதில்லை. மைத்துனர், மாமா, சித்தப்பா மகன் எல்லோரும் உங்களுக்கு ஒருவிதத்தில் வசதி. அவர்கள் போடுகிற கூச்சலில் ஒருவர் பேசாமல் இருப்பது காதில் விழாமல் போகிறது அல்லவா?

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் அக்காவை ஏமாற்றவில்லை. 2009இல் அந்தக் காடு கரிக்குத்தான் ஆகும் என்று இரண்டு பேரும் நினைத்தீர்கள். தம்பி கேட்டான், அவர் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி அது முடிந்த விஷயம், இன்றைக்கு அவர் கோர்ட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது கருவேலங்காட்டை. மூன்று கோடி ரூபாயை அல்ல. இதை உங்கள் மனது ஒத்துக்கொண்டுவிட்டது, வாய்தான் பத்திரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அங்கே கடலில் இருக்கும்போது இங்கே திண்ணையில் கால் நீட்ட உங்களால் முடியவில்லை. நீங்களும் ஈரத்தில், குளிரில் நின்றால் கணக்கு நேராகிவிடும் என்று பார்க்கிறீர்கள். நீங்கள் இன்னும் இருபது வருடம் கேன் தூக்கினாலும் அவர் கையில் ஒரு கீறல் குறையாது.

அந்த ஒரு லட்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நீங்கள் கொண்டுபோகவில்லை, கொடுத்து அனுப்பினீர்கள். அதுவும், பணம் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது மாதிரி ஒரு தொகை. அதில் அவர் பங்கு என்று எதுவும் இல்லை, தம்பி செய்த உபகாரம்தான் இருந்தது. 'வச்சிக்கச் சொல்லு' என்று அவர் சொன்னதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ. எனக்கு அது, உங்களை ஐடிஐக்கு அனுப்பும்போது சொன்ன அதே குரலாகத்தான் கேட்கிறது.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சரிபாதி எவ்வளவு என்று இந்நேரம் பலமுறை மனதில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதை மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் அமோனியா நாற்றத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்குக் காரணம், நீங்கள் வேறு எதைப் பற்றியும் அவரிடம் பேசாததுதான் என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரியாமல் எதையும் அக்காவுக்குக் கொடுக்காதீர்கள், அது இன்னொரு மூடுமந்திரம் ஆகிவிடும். உடன்பிறந்தவர் கொடுக்கிற பணத்துக்கு வாங்குகிறவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் நிலம் விற்ற பணத்துக்கு உங்கள் பக்கம் வரி உண்டா என்பதை மட்டும் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத் தொகையை முடிவு செய்யுங்கள், காடாகக் கிடந்த இடம் என்பதால் சொல்கிறேன்.

பையனைப் பற்றி ஒரு வரி. சம்பளத்தைத் தொடாமல் அப்பா வேலைக்குப் போவதைப் பார்க்கிறவனுக்கு, உழைப்பு என்றால் ஏதோ தண்டனை என்றுதான் தோன்றும்.

தூக்கம் இன்னும் இரண்டு வாரத்துக்கு இப்படியே இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசு நடத்துகிற மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அக்காவைப் பார்க்கப் பாசி இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். தனியாக, கையில் எதுவும் இல்லாமல். பணத்தை எடுத்தவுடன் பேச வேண்டாம். அப்புறம், 'இனிமே கடலுக்குப் போகாதே' என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். வேலையை விடு என்று உங்களிடம் சொன்னவர்கள்மேல் உங்களுக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது? உங்களுக்கு ஐஸ் கம்பெனி எப்படியோ, அவருக்கு அந்தப் பாறைகள் அப்படி இருக்கலாம். போவதா நிற்பதா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார், முடிவு செய்கிற வசதி இத்தனை நாள் அவருக்கு இல்லை என்பதுதான் விஷயம்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது மேனேஜரிடம் கவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்து 36,000 இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்