மேரி லூவின் இடது கை

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டத்தில் நடந்த கூட்டத்தில் மேரி லூ வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞரைப் பற்றி இரண்டு வரி சொன்னீர்கள். புகழோடு இருந்தபோதே மேடையை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனவர் என்று. அன்றிலிருந்து அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கருங்கல் பக்கம் ஒரு பங்கில் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கீபோர்டு வாசிக்கிறேன். இப்போது ஓர் இன்னிசைக் குழுவோடு கல்யாண வரவேற்புகளுக்கும் போகிறேன். திருப்பலிக்கு வாசிக்கிற கை சினிமாப் பாட்டுக்கு வாசிக்கக்கூடாது என்கிறார் எங்கள் பாடகர் குழுப் பெரியவர். அப்பாவும் அதையே சொல்கிறார். மேரி லூ விட்டது சரி என்றால் நானும் விட வேண்டுமா? இசையைக் குறிகளால் எழுதிப் படிக்கும் நொட்டேஷனும் எனக்குத் தெரியாது, எல்லாம் கேட்டு வாசிப்பதுதான். பெயர் வெளியிட வேண்டாம்.

கருங்கல் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மேரி லூ மேடையை விட்டது உண்மை. 1954-இல் பாரிஸில் ஒரு நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு, உங்களுக்குத் தேவை அதுதான்.

நியூயார்க் திரும்பியவர் அங்கே கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் திறந்திருந்த கத்தோலிக்கக் கோயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஜெபித்தார். போதையில் விழுந்த இசைக்கலைஞர்களைத் தன் சிறிய வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டார். அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கி, அதற்குப் பணம் சேர்க்கப் பழைய துணிமணி விற்கும் கடையும் நடத்தினார். 1957-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவரை மறுபடி பியானோவின் முன் உட்காரச் சொன்னவர்கள் யார் தெரியுமா? அருட்தந்தையர்கள் இருவர். வாசிப்பதையே பிறருக்கான ஜெபமாக ஒப்புக்கொடுக்கலாமே என்றார்கள். அதே 1957-இல், டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு நியூபோர்ட் ஜாஸ் விழா மேடையில் மறுபடியும் ஏறினார். உங்கள் பாடகர் குழுப் பெரியவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அவர் இசையை வெறுத்து விலகியதாக எனக்குத் தோன்றவில்லை. கூடவே வாசித்த நண்பர்கள் போதையிலும் மனநோயிலும் சிதைவதைப் பார்த்து நொந்து போயிருந்தார். அந்த விலகலை ஒரு துறவாக்கி, இளம்பெண்களுக்கு முன்மாதிரியாக நீட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

1910-இல் அட்லாண்டாவில் பிறந்தவர், வளர்ந்தது பிட்ஸ்பர்க்கில். அம்மா மிதி ஆர்மோனியம் போன்ற ஒரு கருவியில் ஆன்மிகப் பாடல்களும், ராக்டைம் என்ற துள்ளல் தாளக் கேளிக்கை இசையும் வாசிப்பார், மகளை மடியில் வைத்துக்கொண்டு. ஒருநாள் அம்மா வாசித்து நிறுத்தியதைக் குழந்தை அப்படியே திருப்பி வாசித்தது. இரண்டு வகைப் பாட்டும் ஒரே மடியிலிருந்து, ஒரே பெட்டியிலிருந்து வந்தன என்பதைக் கவனியுங்கள். ஆசிரியரிடம் விட்டால் மகளின் காது கெட்டுவிடும் என்று பயந்து அம்மா பாடத்துக்கே அனுப்பவில்லை.

நொட்டேஷன் தெரியாது என்கிறீர்கள். கான்ஸஸ் சிட்டியில் ஆண்டி கர்க் நடத்திய ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது மேரி லூவுக்கும் தெரியாது. அவர் வாசித்துக் காட்டுவார், கர்க் எழுதிக்கொள்வார். பிறகு அந்தக் காத்திருப்பு பொறுக்காமல் தானே கற்றுக்கொண்டார். அந்தக் குழுவின் இசைக்கோப்பு பெரும்பாலும் அவர் கைக்கு வந்தது. பெரிய ஜாஸ் குழுக்களை நடத்திய பென்னி குட்மனும் டியூக் எலிங்டனும் அவரிடம் எழுதி வாங்கினார்கள். கேட்டு வாசிப்பது குறையே அல்ல. ஆனால் நான்கு குரலுக்கு ஒரு காணிக்கைப் பாடலைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்து வேண்டும். கற்றுக்கொள்ளுங்கள்.

நான் அவரிடம் அதிகம் மதிப்பது இன்னொன்றை. நாற்பதுகளில் பீபாப் என்ற வேகமான, சிக்கலான புதிய ஜாஸ் பாணி வந்தபோது, முந்தைய தலைமுறையில் பலர் அதைச் சத்தம் என்று ஒதுக்கினார்கள். மேரி லூவின் ஹார்லெம் வீட்டுக் கதவு இரவில் திறந்தே இருந்தது. அந்தப் பாணியின் இளம் கலைஞர்களான தெலோனியஸ் மங்க், பட் பவல், கில்லெஸ்பி எல்லோரும் வந்து அவருடைய பியானோவில் புதிதாகக் கண்டுபிடித்ததை வாசித்துக் காட்டினார்கள். சொல்லிக் கொடுத்தார், அவர்களிடமிருந்து கற்றும் கொண்டார். 1977-இல், அறுபது கடந்த வயதில், தனக்குச் சற்றும் ஒத்துவராத, கட்டுகளை உடைத்து வாசிக்கும் பியானோ கலைஞர் செசில் டெய்லருடன் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் சேர்ந்து வாசிக்கவும் துணிந்தார்.

1962-இல் மார்ட்டின் தே போரஸ் புனிதராக உயர்த்தப்பட்டார். பெரு நாட்டின் லீமா நகரில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். அவருக்காக மேரி லூ ஒரு பாடல் அமைத்தார். நியூயார்க்கின் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் அது பாடப்பட்டது. பெரும்பகுதி வெறும் குரல்கள்தான். நடுவில் பியானோ லத்தீன் அமெரிக்கத் தாளத்தோடு நுழைந்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஒதுங்கிவிடும். 2022-இல் நம்முடைய தேவசகாயம் புனிதரானபோது இங்கேயும் பாடல்கள் வந்தன. நம் மண்ணின் ஓசை, அவர் உயிர்விட்ட காற்றாடிமலை ஏறும் மக்களின் குரல் அவற்றில் எவ்வளவு இருந்தது என்று உங்களைப் போன்றவர்கள்தான் கேட்க வேண்டும். 1975-இல் மேரி லூவின் ஜாஸ் திருப்பலி நியூயார்க்கின் புனித பாட்ரிக் பேராலயத்திலேயே நடந்தது. மேடையில் பழகிய தாளம் பீடத்தின் முன் நின்றது.

ஆகவே கல்யாண வீட்டில் வாசிப்பதை நிறுத்தாதீர்கள். என் கவலை வேறு. நம் பங்குகளிலும் வரவேற்பு மேடைகளிலும் கீபோர்டு வாசிக்கிறவர்கள் தாளத்தைத் தானாக ஓடவிடும் ஸ்டைல் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். தாளமும், அடியில் ஒலிக்கும் கனத்த பேஸும் கருவியே போடுகிறது. இடது கை ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்களை, தொட்டுவிட்டுத் தூங்குகிறது. பாட்டின் சுருதி மாறினால், அதை மாற்றிக்கொள்ள டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. மேரி லூ 1930-இல் தனியாக வாசித்துப் பதிவு செய்த 'நைட் லைஃப்' இணையத்தில் கிடைக்கும். இடது கையை மட்டும் கேளுங்கள். கீழே ஆழத்தில் ஒரு சுரம், உடனே தாவி நடுவில் ஒரு கார்டு, மறுபடி கீழே. வேகம் குறையாமல், தறியில் நாடா ஓடுவதுபோல. மத்தளம் இல்லை, பேஸ் இல்லை. ஒரு குழு செய்ய வேண்டிய வேலையை ஒரு கை செய்கிறது. வலது கை அதன்மேல் சுதந்திரமாகத் திரிகிறது.

வருகிற ஞாயிறு வருகைப் பாடலுக்கு மட்டுமாவது ஸ்டைலை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பாடகர் குழு முதலில் தடுமாறும், பெரியவர் திரும்பிப் பார்ப்பார். மெதுவான தாளத்தில், இடது கையில் மூன்று கார்டுகளோடு தொடங்கினால் போதும். அடுத்த கல்யாண வரவேற்பிலும் ஒரு பாட்டுக்கு அப்படியே செய்யுங்கள். எப்படி வந்தது என்று எழுதுங்கள்.