களி ஏன் கட்டி தட்டுகிறது?

காலை ஆகாரத் தானியங்கள் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

மாமியார் கிண்டினால் களி வழுவழுவென்று வருகிறது. நான் கிண்டினால் உள்ளே பச்சை மாவாகக் கட்டி நிற்கிறது. அதே மாவு, அதே குண்டான். எங்கே தப்பு?
– வாசகி, பென்னாகரம்

மாவைக் கொட்டியதுமே துடுப்பைப் போட்டிருப்பீர்கள். கொதிநீர் பட்ட மாவு மேலாக வெந்து பசையாகி, தோல் மாதிரி மூடிக்கொள்ளும். அதன்பின் உள்ளே தண்ணீர் இறங்காது.

கால் டம்ளர் நொய்யரிசியை 3 டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் ராகி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் அரை டம்ளர் கஞ்சியைத் தனியாக மொண்டு வையுங்கள். இப்போது 1 டம்ளர் மாவை நடுவில் கோபுரமாகக் குவித்து, துடுப்புக் காம்பால் அடிவரை ஒரு குழி போடுங்கள். கிளறவே கூடாது. மூடிவைத்துச் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம். குழி வழியாகக் கொதி மேலே ஏறி மாவை நனைத்து வேகவைக்கும். பொறுமை வேண்டியது இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

பிறகு இறக்கிவைத்து, குண்டானை அசையாமல் பிடித்து, பக்கச் சுவரில் அழுத்தித் தேய்த்தபடி கிண்டுங்கள். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியைச் சூடாக ஊற்றலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் களி விண்டுபோகும். மறுபடி மூடி 3 நிமிடம் தணலில் வையுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வரவேண்டும். நிறமும் சாம்பல் போய்க் கருஞ்சிவப்பாகியிருக்கும். தண்ணீர் கூடிவிட்டதென்று அந்த நேரத்தில் மாவைத் தூவாதீர்கள். அது வேகாது. அன்றைக்கு அதைக் கூழாகக் கரைத்துக் குடித்துவிடுவது மேல்.

முளைகட்டிய ராகி மாவு சத்து அதிகம் என்று வாங்கினோம். களி கெட்டிப்படவே இல்லை. கலப்படமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

கலப்படமில்லை. முளைவிடும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகி, மாவுச்சத்தை உடைக்க ஆரம்பித்துவிடும். கெட்டியாக்குவதே அந்த மாவுச்சத்துதான். ஆகவே முளைகட்டிய மாவு கஞ்சிக்கு மட்டும்: 2 டேபிள்ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஊற்றி 6, 7 நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கட்டாயம் களிதான் வேண்டுமென்றால் மூன்று பங்கு சாதா மாவுக்கு ஒரு பங்குக்கு மேல் இதைச் சேர்க்காதீர்கள்.

இங்கே குளிரில் கூழ் மாவு புளிக்க மாட்டேன் என்கிறது. தயிர் ஊற்றிக் கரைக்கலாமா?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

வேண்டாம். தயிர்ப் புளிப்பு வேறு, கூழ்ப் புளிப்பு வேறு. முந்தின நாள் கரைத்த மாவில் இரண்டு கரண்டி மிச்சம் வைத்து உறையாக ஊற்றுங்கள். 1 டம்ளர் மாவுக்கு 2 டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். கீழ்நாட்டில் 8, 10 மணி நேரம் போதும். உங்கள் பக்கம் மார்கழியில் 14, 15 மணி நேரம் ஆகலாம். அடுப்பு மேடையில் துணி சுற்றி வையுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னாடியே போட்டால் புளிப்பு இன்னும் தாமதமாகும். காய்ச்சிய கூழ் நன்றாக ஆறிய பிறகுதான் மோர்; சூட்டில் ஊற்றினால் மோர் திரிந்துவிடும். கூழில் நூல் இழுத்தாலோ இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ அப்படியே கொட்டிவிடுங்கள்.

பையன் கார்ன்ஃப்ளேக்ஸ்தான் கேட்கிறான். பால் ஊற்றியதும் கொழகொழத்து, அப்புறம் தொடவே மாட்டேன் என்கிறான்.
– வாசகி, ஓசூர்

சூடான பால் ஊற்றுகிறீர்கள், அதுதான் காரணம். நம் வீடுகளில் பால் என்றாலே சூடுதான். இந்தப் பண்டம் பிறந்த இடமோ அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள பேட்டில் கிரீக். 1894-ல் கெல்லாக் சகோதரர்கள் அங்கே முதலில் செதிலாக்கியது கோதுமையை, மக்காச்சோளம் பிறகு வந்தது. மொறுமொறுப்பு நிற்பது ஆறிய பாலில்தான். ஏற்கெனவே வெந்து வறுபட்ட மெல்லிய செதில் என்பதால் சூடான பாலை நொடியில் உறிஞ்சிவிடுகிறது. காய்ச்சிய பாலை ஆறவைத்துக் கிண்ணத்தில் முதலில் பாலை ஊற்றி, செதிலைப் பிடி பிடியாகப் போடுங்கள். 30 கிராம் செதிலுக்கு 125 மில்லி பால் சரியாக இருக்கும். பையனுக்குச் சூடான பால்தான் பிடிக்கும் என்றால் கெட்டி அவல் போடுங்கள், அது தாங்கும்.

மழைக்காலத்தில் நமத்துப்போன பாக்கெட்டை வெறும் வாணலியில் சிறு தீயில் 2 நிமிடம் புரட்டி, முழுக்க ஆறவைத்து டப்பாவில் அடைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். சூடாக அடைத்தால் மறுபடி நமத்துவிடும்.

பொடித்த கார்ன்ஃப்ளேக்ஸில் காந்தம் வைத்தால் கறுப்புத் துகள் ஒட்டுகிறதே?
– மாணவர், கிருஷ்ணகிரி

அது கலப்படமல்ல. சில வகைகளில் இரும்புச்சத்தை நுண்ணிய இரும்புத்தூளாகவே சேர்க்கிறார்கள்; பாக்கெட்டில் போட்டிருக்கும், பாருங்கள். ராகியில் உள்ள கால்சியம் அப்படி வெளியிலிருந்து சேர்த்ததல்ல: 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம், அதிலும் பெரும்பங்கு மேல்தோலில் இருக்கிறது. அதனால் ராகி மாவைப் பொடிக்கண் சல்லடையில் சலித்துச் சக்கையைக் கொட்டுவது வீண் வேலை.

கம்பு மாவு பத்து நாளில் கசந்துபோகிறது. மில்லில் ஏதும் கோளாறா?
– வாசகர், ஊத்தங்கரை

கம்பில் கொழுப்பு கூடுதல், 100 கிராமில் ஏறக்குறைய 5 கிராம். அரைத்ததும் அந்தக் கொழுப்பும் தானியத்திலேயே உள்ள நொதியும் ஒன்றோடொன்று கலந்து சிக்கு வாடையும் கசப்பும் வரும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். அரைக்கும் முன் கம்பை லேசாக வறுத்தால் இன்னும் சில நாள் தாங்கும். தானியமாக வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

ரேஷனில் அரிசிக்குப் பதிலாக வாங்கும் 2 கிலோ ராகியை அப்படியே மில்லுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

புடைத்து, தண்ணீரில் அரித்துக் கல்லை நீக்கி, ஒரு முழு நாள் வெயிலில் காயவைத்த பிறகு கொடுங்கள். கடித்தால் சத்தத்தோடு உடையவேண்டும். ஈரம் இருந்தால் மாவு பூஞ்சை பிடிக்கும். மில்லிலிருந்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைப்பதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு; காகிதத்தில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

சாமைப் பொங்கல் ஆறினால் கல்லாகிறது.
– வாசகர், அரூர்

தண்ணீர் குறைவு. 1 டம்ளர் சாமை, கால் டம்ளர் பாசிப்பருப்பு, 5 டம்ளர் தண்ணீர், குக்கரில் 4 விசில். இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். பத்து நிமிடத்தில் தானாக இறுகிவிடும்.