ஒரு பையனின் 31 மில்லிமீட்டர்

வணக்கம். குலசேகரம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை எடுக்கிறேன். போன வாரம் முழுக்க மழையைப் பாடமாக வைத்தோம். திங்கட்கிழமை பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை வெட்டி, ஸ்கேல் ஒட்டி, மழைமானி செய்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் முதல் தினமும் காலையில் அளந்து வந்தார்கள். தமிழில் மழைப்பாட்டு, கணக்கில் கூட்டல், வெள்ளிக்கிழமை சார்ட். ஒருநாள் எல்லோரும் 18, 19 மில்லிமீட்டர் என்று சொல்ல, ஒரு பையன் மட்டும் 31 என்றான். சார்ட் ஒழுங்காக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் 19 என்றே போட்டுவிட்டோம். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இரண்டு பெற்றோர் வந்து, "பாட்டில் வெட்டவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்?" என்று சண்டை போட்டார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நல்ல மழைப்பாட்டு இருந்தாலும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

ஐந்து வகுப்புகளையும் இரண்டே பேர் பார்த்துக்கொண்டு, அதற்கு நடுவில் இப்படி ஒரு வாரத்தை நடத்தியிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். பாட்டுக்குக் கவலை வேண்டாம், தேரூர்க்காரர் கவிமணி இருக்கிறார். எந்த நூலகத்தில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பெற்றோர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அந்த 31-ஐ ஏன் அழித்தீர்கள்? கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. வாரம் முழுக்க நடந்ததில் மிக நல்ல பாடம் அந்த எண்தான். அதைத்தான் சார்ட் அழகாக இருக்கவேண்டும் என்று தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பையன் கண்ணால் பார்த்து எழுதி வந்தான். நீ பார்த்ததைவிட மற்றவர்கள் சொல்வதுதான் சரி என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். 18 என்று எழுதியவர்களுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு குளம். படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று தினம் ஒருவர் எண்ணி வந்து கரும்பலகையின் மூலையில் எழுதவேண்டும். ஆனி மாதம், ராத்திரி முழுக்க நல்ல மழை. அன்று போன பெண், முந்தைய நாளைவிட ஒரு படி கூடுதலாகத் தெரிகிறது என்று எழுதினாள். மழை பெய்தால் படி முங்கத்தானே வேண்டும்? வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை, டஸ்டரையும் எடுக்கவில்லை. எங்கள் எல்லோரையும் குளத்துக்குக் கூட்டிப்போனார். பாசி படிந்த ஈரப்படி ஒன்று புதிதாக வெளியே தெரிந்தது. கன்னிப்பூ என்கிற முதல்போக நெல் நடவுக்கு விடியற்காலையிலேயே மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். நெல்லையும் மடையையும் பற்றி அன்று தெரிந்துகொண்டதை அதன் பிறகு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, உங்கள் பையனின் 31-க்கு வருவோம். பாட்டிலை ஓட்டு விளிம்புக்குக் கீழே வைத்திருக்கலாம். தென்னை ஓலை வழியாக வழிந்த தண்ணீர் சேர்ந்திருக்கலாம். பாட்டிலின் வாய் அகலமாகவும் கீழே இடுங்கியும் இருந்தால் அளவு கூடும். முந்தைய நாள் தண்ணீரைக் கொட்டாமலும் விட்டிருக்கலாம். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும், நேரான பாகம் தொடங்கும் இடம் வரை முதலிலேயே தண்ணீர் ஊற்றி, அங்கேதான் பூஜ்யத்தைக் குறிக்கவேண்டும். அதைச் செய்தார்களா? அல்லது அவன் வீடு மலையடிவாரத்தில் இருந்து, அங்கே உண்மையிலேயே 31 பெய்திருக்கலாம். மழைக்காலத்தில் பத்திரிகைகளில் நம் கன்னியாகுமரி மாவட்ட மழையளவு வருகிறதே, பாலமோர், பேச்சிப்பாறை, தக்கலை, குளச்சல், கொட்டாரம் என்று? 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத மாவட்டம் இது. ஆனாலும் மலையில் கொட்டித் தீர்க்கும் நாளில் கடற்கரையில் வெறும் தூறலோடு நிற்கும். அதை வெட்டி எடுத்துச் சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பெரியவர்கள் அளந்ததிலேயே ஊருக்கு ஓர் எண் இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பெற்றோர். அவர்களோடு வாதாட வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலக் கூரையில் 19 மில்லிமீட்டர் பெய்தால் 570 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 38 குடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டுக் கூரையை அளந்து இந்தக் கணக்கைப் போட்டு, "அம்மா, நேற்று நம்ம கூரையில இத்தனை குடம் விழுந்திருக்கு" என்று சொன்னால், குழாயடியில் நிற்கும் அம்மாவுக்கு நீங்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை அந்தச் சார்ட்டைக் கழற்றுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக அவரவர் எண், பாட்டில் வைத்திருந்த இடம், அளந்த நேரம். வானிலைத் துறை காலை 8.30-க்கு அளக்கிறது, உங்கள் பிள்ளைகளும் அதே நேரத்துக்கு அளக்கட்டும். 31 அப்படியே இருக்கட்டும். அது ஏன் என்று பார்வைக்கு வரும் அதிகாரி கேட்டால் நீங்கள் பேசாதீர்கள், அந்தப் பையன் சொல்லட்டும். மழை விட்ட பிறகும் பாட்டில்களை எடுத்துவிடாதீர்கள். 0 என்று எழுதும் நாட்களும் சார்ட்டில் வேண்டும்.