மறுமொழி: மூளை ஆர்கனாய்டின் நடுப்பகுதி கருத்துப்போகிறது

இரண்டு மாத ஆர்கனாய்டுகளின் (ஸ்டெம் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டி மூளைத்திசு உருண்டைகள்) நடுப்பகுதி கருத்துவிட்டதால், தொற்று என்று எல்லாவற்றையும் கொட்டிவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொட்டாதீர்கள். ஊடகம் (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) தெளிவாக இருக்கிறது, விளிம்பும் வெளிர்நிறமாக இருக்கிறது என்கிறீர்களே! அப்படியானால் உள்ளே இருக்கும் செல்கள் ஆக்சிஜன் கிடைக்காமல் சாகின்றன என்றே நினைக்கிறேன். ரத்தக்குழாய் இல்லாத திசுவில் ஆக்சிஜன் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக்கூட ஒழுங்காகப் போய்ச் சேராது. உங்கள் உருண்டைகளோ 3 மில்லிமீட்டர். ஊடகத்தை அடிக்கடி மாற்றுவதால் பயனில்லை. 2013-இல் வியன்னாவில் இந்த ஆர்கனாய்டு வளர்ப்பு முறையை உருவாக்கிய லங்காஸ்டர், நோப்ளிக் குழுவினர், ஊடகத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கும் சுழல்கலனில் வளர்த்தும் நடுப்பகுதி இறக்கத்தான் செய்தது.

வெட்டிப் பாருங்கள். லங்காஸ்டரின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் 2019-இல் காட்டிய வழி இது: குறைந்த சூட்டில் உருகும் அகரோஸ் ஜெல்லில் ஆர்கனாய்டைப் பதித்து, அதிர்வு வெட்டியில் (அதிரும் பிளேடால் மெல்லிய துண்டு போடும் கருவி) 300 மைக்ரோமீட்டர் துண்டுகளாக்கி, நுண்துளைச் சவ்வின்மேல் கிடத்த வேண்டும். கீழே ஊடகம், மேலே காற்று. துண்டு மூழ்கினால் பழைய கதைதான். சவ்வு நனைகிற அளவே ஊடகம் போதும். அவர்களுடைய துண்டுகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீண்ட நரம்பிழைக் கற்றைகளையே வளர்த்தன!

முதலில் ஓரிரண்டை மட்டும் வெட்டுங்கள். மைக்கோபிளாஸ்மா (மிகச்சிறிய பாக்டீரியா வகை) சோதனையையும் செய்துவிடுங்கள். அந்தத் தொற்று ஊடகத்தைக் கலங்கச் செய்யாது.