நிறம் மாறி நோயைக் காட்டும் ஆணுறை: வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. ஊர் குடியாத்தம். ஆவணியில் கல்யாணம். பால்வினை நோய் இருந்தால் நிறம் மாறிக் காட்டிவிடும் ஆணுறை என்று போனில் ஒரு விளம்பரம் வந்தது. முன்பணம் கட்டினால் கூரியரில் அனுப்புவார்களாம். எனக்கு முன்பு ஓர் உறவு இருந்ததால் உள்ளுக்குள் பயம். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்றும் தயக்கம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், பணம் கட்டாதீர்கள். அப்படி அனுமதி பெற்று விற்பனைக்கு வந்த ஆணுறை கிடையாது.

இந்தப் பேச்சு 2015-ல் கிளம்பியது. லண்டனில் இல்ஃபோர்டைச் சேர்ந்த மூன்று பள்ளி மாணவர்கள் டீன்டெக் என்ற போட்டியில் இந்த யோசனைக்குப் பரிசு வாங்கினார்கள். கிளமிடியா இருந்தால் பச்சை, சிஃபிலிஸ் இருந்தால் நீலம் என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிறம். அந்த வயதில் இதைப் பற்றி யோசித்ததே பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அது யோசனைதான், செய்து சோதித்த பொருள் இல்லை.

செய்வதும் எளிதல்ல. சிஃபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டையும் ரத்தத்தில்தான் பார்க்கிறார்கள். கிளமிடியாவுக்குச் சிறுநீர் எடுத்து, அதிலுள்ள கிருமியின் மரபணுவை இயந்திரத்தில் பல மடங்கு பெருக்கிய பிறகே உறுதி சொல்ல முடியும். உறைமேல் பூசிய ரசாயனம் சில நிமிடத்தில் இந்த வேலையைச் செய்யாது. செய்தாலும், நிறம் தெரிவதற்குள் உடல்கள் தொட்டிருக்கும். ஹெர்பிஸ், எச்.பி.வி. என்ற பால்வினைத் தொற்றுகள் உறை மூடாத தோல் வழியாகவும் பரவக்கூடியவை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நிறம் மாறவில்லை என்று நம்பி நீங்கள் உறையையே கைவிடலாம். அல்லது நோயே இல்லாமல் நிறம் மாறலாம். கல்யாணமான புதிதில் அப்படி நடந்தால் பழி யார்மேல் விழும்? வீட்டுக்கு வந்த பெண்மேல்தான்.

அதனால் கல்யாணத்துக்கு முன்பே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். உள்ளூரில் தெரிந்த முகம் இருக்குமென்று தயங்கினால் வேலூர் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கேயே பால்வினை நோய் மருத்துவரையும் பார்த்து, சிஃபிலிஸுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நேரில் போகுமுன் பேச வேண்டுமானால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. கடைசித் தொடர்பு நடந்து மூன்று மாதம் ஆகவில்லையென்றால், இப்போது ஒருமுறை, மூன்று மாதம் முடிந்தபின் ஒருமுறை பார்க்க வேண்டும். கிளமிடியாவும் சிஃபிலிஸும் மருந்தில் குணமாகிவிடும், பயப்படாதீர்கள். முடிந்தால் நீங்கள் கட்டப்போகும் பெண்ணிடமும் பேசி இருவருமே பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனையில் நம் வேலூருக்கு ஒரு பழைய பங்கும் உண்டு. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில்தான் சோதிக்கப்பட்டன.

அப்புறம் அந்த விளம்பரம். பால்வினை நோயைக் கண்டறியும், குணமாக்கும் என்று மருந்துப் பொருள்களை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி எண் 1930-க்குச் சொல்லுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915.

கேள்வி: மெடிக்கலில் வாங்கிய ஆணுறை சித்திரை முழுக்க வண்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. காலாவதி தேதி தாண்டவில்லை. பயன்படுத்தலாமா? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தத் தேதி, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைத்தால்தான் செல்லும். நம் பக்கத்து வெயிலில் சீட்டுக்கு அடியில் கிடந்தால் ரப்பர் வலுவிழந்து கிழிய வாய்ப்புண்டு. பர்ஸில் மாதக்கணக்கில் மடித்து வைப்பதும் கூடாது. தேங்காய் எண்ணெய், வாஸ்லின் தடவினாலும் லேடெக்ஸ் பலவீனமாகும். வாங்கும்போது தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண் மூன்றையும் பாருங்கள். பிரிக்குமுன் பாக்கெட்டை லேசாக அழுத்துங்கள், உள்ளே காற்று நின்றால் பாக்கெட்டில் ஓட்டை இல்லை. செலவு யோசனையென்றால் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நிரோத் ஆணுறை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.